ஷோபான் ஓபஸ் 28: மூன்று முதல் பதிப்பிலும் ஹேர்பின் வேறு வேறு இடத்தில், எதை நம்புவது?

இடதுகை கேட்டது:

ஷோபான் பியானோவுக்கு எழுதிய 24 சிறு துண்டுகளான ப்ரெல்யூடுகளை (ஓபஸ் 28) பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பவை: வார்சா தேசிய நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியின் படங்கள், பாரிஸில் கத்லன் வெளியிட்டது, லைப்சிக்கில் பிரைட்கோஃப் வெளியிட்டது, லண்டனில் வெஸல் வெளியிட்டது. மூன்று அச்சும் 1839.

ஸ்வரங்களில் பெரிய சிக்கல் இல்லை. ஒலி கூடுவதை (க்ரெஷெண்டோ), குறைவதை (டிமினுயெண்டோ) காட்டும் < > வடிவ ஹேர்பின்கள், ஒரு ஸ்வரத்தை அழுத்தச் சொல்லும் ஆக்சென்ட், ஸ்வரங்களைச் சேர்க்கும் வளைகோடான ஸ்லர், பெடல் இவற்றில்தான் குழப்பம். ஒரு பதிப்பில் ஹேர்பின் பாரின் (பார்க்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதியின்) முதல் அடியில் தொடங்குகிறது, இன்னொன்றில் இரண்டாம் அடியில். ஒன்றில் குட்டி ஆக்சென்டாக இருப்பது மற்றதில் நீண்டு ஒடுங்கும் ஹேர்பினாக இருக்கிறது. இரண்டு பதிப்பு ஒத்துப்போனால் அதை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடலாமா? இதையெல்லாம் எப்படிக் குறித்து வைத்தால் பிறகு பயன்படும்? என்னிடம் மிகுலி பதிப்பின் ஷெர்மர் மறுஅச்சும் இருக்கிறது. அவர் ஷோபானின் நேரடி மாணவர் என்பதால் அவர் போட்ட குறிக்குத் தனி மதிப்பு உண்டா?

பழம்பதிப்பு:

பெரும்பான்மை பார்த்து முடிவு செய்வதை முதலில் விடுங்கள். யார் யாரைப் பார்த்து அச்சுத் தகடு செய்தார்கள் என்று தெரியாமல் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை.

ஓபஸ் 28 வந்த வழி இது. 1839 ஜனவரியில் ஷோபான் மயோர்க்காவிலிருந்து கையெழுத்துப் பிரதியைப் பாரிஸில் இருந்த நண்பர் ஃபொன்டானாவுக்கு அனுப்பினார். ஃபொன்டானா அதைப் பார்த்து ஒரு நகல் எழுதினார். மூலம் கத்லனின் செதுக்குநரிடம் போனது, நகல் லைப்சிக்குக்குப் போனது. வெஸல் பாரிஸ் அச்சுத் தாள்களை வைத்து லண்டன் பதிப்பைத் தயாரித்தார். ஆகவே பாரிஸும் லண்டனும் ஒரே மாதிரி இருந்தால் அது இரண்டு சாட்சி அல்ல, ஒரே சாட்சிதான். லைப்சிக் மட்டும் விலகினால் அந்த விலகல் ஃபொன்டானாவின் பேனாவில் வந்ததா, லைப்சிக் செதுக்குநரின் கையில் வந்ததா என்று பார்க்க வேண்டும். முகப்புப் பக்கத்திலேயே இந்தக் கிளை பிரிவது தெரியும்: லைப்சிக் பதிப்பு கெஸ்லருக்குச் சமர்ப்பணம், பாரிஸும் லண்டனும் ப்ளேயெலுக்கு.

அதனால் இந்த ஓபஸில் கையெழுத்துப் பிரதிதான் அடிப்படை. அச்சுப் பதிப்புகள், அதிலுள்ள ஒரு குறி தெளிவில்லாதபோது அந்தக் காலத்தில் அதை எப்படிப் படித்தார்கள் என்று காட்டுபவை. லண்டனில் மட்டும் இருக்கும் குறி அநேகமாகப் பதிப்பகத்தார் போட்டதாக இருக்கும்.

ஆனால் இதே விதியை அடுத்த ஓபஸுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு ஓபஸுக்கும் கிளை வரிசை வேறு. ஓபஸ் 10 எட்யூடுகளில் லைப்சிக் கிஸ்ட்னர் பதிப்பு பெரும்பாலும் பாரிஸ் ப்ரூஃபை (அச்சுக்கு முன் திருத்தம் பார்க்கும் தாள்களை) பார்த்துச் செய்தது. பாரிஸில் இருந்தபோது ஷோபான் ப்ரூஃபிலேயே மாற்றுவார், கையெழுத்துப் பிரதியில் இல்லாத குறிகளைச் சேர்ப்பார். ஓபஸ் 10 எண் 3 இதற்கு நல்ல உதாரணம்: முதல் கையெழுத்தில் 'விவாச்சே' (துள்ளும் வேகத்தில்), அடுத்ததில் 'விவாச்சே மா நோன் த்ரோப்போ', 1833இல் அச்சில் 'லென்டோ மா நோன் த்ரோப்போ' (மெதுவாக, ஆனால் மிகையாக அல்ல), மெட்ரோனோமில் எட்டில் ஒரு பங்கு ஸ்வரத்துக்கு 100. கையெழுத்துதான் எப்போதும் இறுதி என்று பிடிவாதம் பிடிப்பவர் இதை விவாச்சேயாகத்தான் வாசிக்க வேண்டிவரும். 1840களில் வந்த சில படைப்புகளுக்கு அவரே ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதும்போதெல்லாம் குறியை மாற்றுகிற ஆள் அவர். அங்கே வித்தியாசம் என்பது பிழை அல்ல, இரண்டுமே அவர் விருப்பம். இரண்டையும் பாடபேதமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று. உங்கள் ஸ்கேன் உண்மையிலேயே முதல் அச்சுதானா என்று பாருங்கள். இணையத்தில் 'முதல் பதிப்பு' என்ற பெயரில் கிடப்பவற்றில் பல, அதே தகட்டு எண்ணோடு (அச்சுத் தகட்டுக்குப் பதிப்பகம் கொடுத்த எண்) பின்னாளில் வந்த மறுஅச்சுகள். ஷோபானின் பல படைப்புகளைப் பாரிஸில் வெளியிட்ட ஷ்லெஸிங்கரின் தொழில் 1846இல் ப்ரான்டுஸ் கைக்கு மாறியது. முகப்பில் ப்ரான்டுஸ் பெயர் இருந்தால் அது அதற்குப் பிந்தைய அச்சு. லண்டனில் 'வெஸல் அண்ட் ஸ்டேபில்டன்' என்றிருந்தால் 1839 முதல் 1845 வரையிலான கூட்டுக் காலம். 'ஆஷ்டவுன் அண்ட் பாரி' என்றிருந்தால் 1860க்குப் பிறகு. பிரைட்கோஃப்தான் அதிகம் ஏமாற்றும். பழைய எண்ணையே வைத்துக்கொண்டு, உள்ளே தங்கள் திருத்துநர்கள் சரிசெய்த பாடத்தைப் புதிதாகச் செதுக்கிப் போட்டிருக்கிறார்கள். முகப்பை மட்டும் பார்த்தால் போதாது, விலை, முகவரி, உள்பக்க எழுத்துரு மூன்றையும் பாருங்கள். ஷோபானின் முதல் பதிப்புகளுக்கென்றே இருக்கும் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு பிரதியும் எந்த நூலகத்தினுடையது, எத்தனையாவது அச்சு என்ற விவரம் இருக்கிறது. அங்கிருந்து எடுப்பது பாதுகாப்பு.

குறித்து வைக்கும் முறை: ஒரு ஸ்ப்ரெட்ஷீட். வரிசைக்கு ஒரு குறி மட்டும். பத்திகள்: பார் எண், அடி, எந்தக் கை, குறியின் வகை, பிறகு கை (கையெழுத்து), பா (பாரிஸ்), லை (லைப்சிக்), ல (லண்டன்) என நான்கு மூலங்கள், கடைசியில் விளக்கம். ஹேர்பினுக்குத் தொடக்கமும் முடிவும் தனித்தனிப் பத்தியில் வேண்டும். 'பார் 5இல் க்ரெஷெண்டோ' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அதனால் எந்தப் பயனும் இராது. எந்த ஸ்வரத்தலையின் கீழே வாய் திறக்கிறது, எதன் கீழே முடிகிறது என்று எழுதுங்கள். இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் என்றால் அப்படியே 'நடுவில்' என்று எழுதுங்கள், பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்த்த வேண்டாம்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்யக் கூடாது என்பது முக்கியம். ஒன்றில் பார்த்ததை அடுத்ததிலும் இருப்பதாகக் கண் நினைத்துக்கொள்ளும். ஒரு மூலத்தை முதல் பாரிலிருந்து கடைசிப் பார் வரை பதிந்து, அந்தப் பத்தியை மறைத்துவிட்டு அடுத்ததைத் திறங்கள். கடைசியில் எல்லாவற்றையும் திறந்து, வேறுபடும் இடங்களுக்கு மட்டும் மீண்டும் மூலத்துக்குப் போங்கள். குறி இல்லாத இடத்தையும் 'இல்லை' என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், குறி இல்லையா அல்லது இன்னும் பார்க்கவில்லையா என்பது தெரியாது.

ஈயத்தகடு:

பழம்பதிப்பு சொன்ன கிளை வரிசையோடு, தகடு எப்படிச் செய்யப்பட்டது என்பதும் தெரிந்தால் பாதி வித்தியாசங்களுக்குக் காரணம் தானாகத் தெரியும்.

அந்தக் காலத்து இசை அச்சுத் தகடு ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகம். ஸ்வரத்தலை, க்ளெஃப், எழுத்து எல்லாம் அச்சாணியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிப்பது. ஸ்லரும் ஹேர்பினும் அப்படி அல்ல, உளியால் கையால் கீறுவது, அதுவும் ஸ்வரங்கள் பதிந்த பிறகு. எனவே ஹேர்பின் எங்கே தொடங்கும் என்பதைப் பல நேரம் மிச்சமிருந்த இடம்தான் முடிவு செய்தது. இரண்டு ஸ்டாஃபுக்கு (ஐந்து கோட்டுத் தொகுதிக்கு) நடுவில் இடதுகை ஸ்வரங்கள் மேலே ஏறி வந்தால் ஹேர்பின் ஒதுங்கும், குறுகும், சில சமயம் வலதுகைக்கு மேலே போய்விடும். பாரிஸில் ஒரு அடி தள்ளித் தொடங்குகிறது என்று கண்டால், அந்த அடியில் நடு இடைவெளியில் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் அந்த வித்தியாசத்துக்கு இசைக் காரணம் தேட வேண்டாம்.

தகட்டில் எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித்தான் செதுக்கப்படும். விரியும் ஹேர்பின் ஒடுங்கும் ஹேர்பினாகத் திரும்பிவிடுவது இந்த வேலையில் நடக்கக்கூடிய பிழை. ஒரே ஒரு மூலத்தில் திசை மட்டும் தலைகீழாக, நீளமும் இடமும் சரியாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் ஆக்சென்ட் கேள்விக்கு வருகிறேன். ஷோபான் கையெழுத்தில் சாதாரண ஆக்சென்டுக்கும் ஒடுங்கும் ஹேர்பினுக்கும் நடுவில் ஒரு நீண்ட ஆக்சென்ட் உண்டு. செதுக்குநருக்கு இந்த மூன்றாவது வகை பிடிபடவில்லை. ஒன்று குட்டியாக்கிவிடுவார், அல்லது ஹேர்பினாக இழுத்துவிடுவார். பிரிப்பதற்கு அதே பக்கத்தின் ஸ்வரத்தலையையே அளவுகோலாக வையுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குறியின் அகலம் ஒரு தலை அளவு என்றால் சாதாரண ஆக்சென்ட். இரண்டு மூன்று தலை அகலம், வாய் திறந்த பக்கம் ஒரு ஸ்வரத்தின் நேர் கீழே அல்லது மேலே ஒட்டியிருக்கிறது, அந்த ஸ்வரம் நீளமானது அல்லது டை போட்டது (அடுத்த அதே ஸ்வரத்தோடு இணைத்தது) என்றால் நீண்ட ஆக்சென்ட். வாய் எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாமல் தொடங்கிப் பல ஸ்வரங்களைக் கடந்து போனால் டிமினுயெண்டோ. இது ஒரு கைக்கணக்குதான். ஷோபான் வேகமாக எழுதிய பக்கத்தில் எல்லாமே நீண்டிருக்கும். அதனால்தான் அளவை அந்தந்தப் பக்கத்திலேயே எடுக்கச் சொல்கிறேன். வாசிப்பில் இதற்குப் பெரிய வித்தியாசம் உண்டு. டிமினுயெண்டோ என்று படித்தால் ஸ்வரத்தைத் தேய்த்து விடுவீர்கள், நீண்ட ஆக்சென்ட் என்றால் அதன் மேல் கை எடையோடு சற்று நிற்க வேண்டும்.

ஸ்லரில் ஒரு பொறி: கையெழுத்தில் வரி முடிகிற இடமும் அச்சில் வரி முடிகிற இடமும் வேறு. கையெழுத்து வரியின் ஓரத்தில் ஸ்லர் பார்க்கோட்டைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும், அடுத்த வரியில் தொடராமல் விட்டிருக்கும். செதுக்குநர் அதை முடிந்த ஸ்லராக எடுத்துக்கொண்டு, தன் பக்கத்தில் வரி நடுவே வெட்டிவிடுவார். அச்சில் ஒரு ஸ்லர் பொருளில்லாத இடத்தில் முறிந்தால், கையெழுத்தில் அது வரி மாறும் இடமா என்று பாருங்கள். பல முறை அதுவாகத்தான் இருக்கும்.

பெடலும் இதே கதை. அச்சில் பெடல் சொல்லின் அச்சாணி அகலமானது. விடுவதற்கான குறியும் அடுத்த பெடலும் அடுத்தடுத்து வரும் இடத்தில் விடும் குறி இடதுபக்கம் தள்ளப்படும். அச்சைப் பார்த்தால் நடுவில் ஒரு எட்டில் பங்கு இடைவெளி காலை எடுக்கச் சொல்வதுபோல் இருக்கும். கையெழுத்தில் அந்த இடைவெளி இருக்காது. நெருக்கமான பாரில் விடும் குறி முன்னால் வந்தால் நம்பாதீர்கள். தாராளமாக இடமுள்ள பாரில் முன்னால் வந்தால் நம்பலாம்.

கடைசியாக, தகட்டில் திருத்தம் செய்ததற்குத் தடயம் இருக்கும். தவறான குறியை நீக்க, தகட்டின் பின்பக்கம் அடித்து உலோகத்தை மேலே எழுப்பி, தேய்த்துச் சமனாக்கி, அழிந்த ஸ்டாஃப் கோடுகளை மறுபடி கீறுவார்கள். நல்ல ஸ்கேனில் அந்த இடத்தில் கோடு சற்று மெலிந்தோ தடித்தோ, லேசாகக் கோணியோ தெரியும். சில இடங்களில் பழைய குறியின் நிழலும் தெரியும். ஷோபான் ப்ரூஃப் பார்த்த பாரிஸ் பதிப்புகளில், ஒட்டுப்போட்ட கோட்டின் மேல் ஒரு புதிய குறி உட்கார்ந்திருந்தால் அது சும்மா வந்ததல்ல, யாரோ கேட்டு வாங்கிய மாற்றம். கறுப்பு வெள்ளையாக மட்டும் மாற்றிய ஸ்கேனில் இது தெரியாது. வண்ணப் படம் தேடுங்கள்.

இடதுகை:

இருவருக்கும் நன்றி. வெட்டிய ஸ்லர் பற்றிச் சொன்னது உடனே உதவியது. நான் குறித்து வைத்த இடங்களில் பல கையெழுத்தின் வரி ஓரத்தில்தான் விழுகின்றன. மிகுலி பற்றியும், இதே முறையை ஷூமனுக்கும் பயன்படுத்தலாமா என்பது பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

கருங்கட்டை:

மிகுலி 1840களில் ஷோபானிடம் படித்தவர், பதிப்பு வந்தது 1879இல், கிஸ்ட்னர் வெளியீடு. தன் குறிப்புகளையும் மற்ற மாணவர்களின் நினைவுகளையும் சேர்த்தே செய்தார். விரலிடுதலுக்கும், ஒரு பாடபேதம் ஷோபான் வட்டத்தில் புழங்கியதா என்பதற்கும் அது உதவும். ஆனால் எந்தக் குறி ஷோபானுடையது, எது தன்னுடையது என்று அவர் பிரித்துக் காட்டவில்லை. உங்கள் அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள், நான்கு மூலங்களோடு கலக்க வேண்டாம். க்ளிண்ட்வொர்த் பதிப்பு இன்னும் தள்ளி நிற்கும். அவர் லிஸ்ட்டின் மாணவர், ஸ்லரையும் ஒலி அளவையும் தன் வாசிப்புக்கு ஏற்பத் தாராளமாக மாற்றியவர். 1870களில் ஷோபானை எப்படி வாசித்தார்கள் என்று அறிய அருமையான ஆவணம், ஷோபான் என்ன எழுதினார் என்பதற்கு அல்ல. படரெவ்ஸ்கி பெயரில் வந்த தொகுப்பு பல மூலங்களைக் கலந்து ஒரு பாடம் ஆக்கியது. ஒரு இடத்தில் இருக்கும் குறியை அதைப் போன்ற இன்னொரு இடத்திலும் நிரப்பும் பழக்கம் அதில் உண்டு. பின்குறிப்பைப் படிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

மாணவர் வழி வேண்டுமென்றால் மிகுலியைவிட நேரடியான சான்று அவர்கள் பாடத்துக்கு வைத்திருந்த அச்சுப் பிரதிகள். ஜேன் ஸ்டெர்லிங், கமீல் துபுவா இருவரின் பிரதிகளும் பாரிஸில் ஃபிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றில் ஷோபான் பென்சிலில் எழுதிய திருத்தங்கள் இருக்கின்றன. ஓபஸ் 28 எண் 20, மூன்றாம் பாரின் கடைசிக் கார்டில் ஈ ஸ்வரத்துக்கு ஃபிளாட் (அரைப்படி தாழ்த்தும் குறி) உண்டா என்ற பழைய சண்டைக்கு ஸ்டெர்லிங் பிரதியின் பென்சில் ஃபிளாட்தான் வலுவான பதில். இந்த வகைத் திருத்தம் பிழை நீக்கம். அதே பென்சிலில் வரும் ஒலி அளவுக் குறியை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அந்த மாணவருக்கு, அந்தப் பியானோவில், அன்றைக்குச் சொன்னதாக இருக்கலாம்.

ஃபொன்டானா ஷோபான் இறந்த பிறகு வெளியிட்டவை, அதாவது ஓபஸ் 66 முதலானவை, முற்றிலும் வேறு வகை. ஓபஸ் 66 ஆன ஃபேன்டெய்ஸி இம்ப்ராம்ப்டு 1855இல் அவர் கை பட்டுத்தான் வந்தது. 1835ஆம் ஆண்டுக் கையெழுத்தை ஆர்தர் ரூபின்ஸ்டைன் கண்டெடுத்து 1962இல் வெளியிட்ட பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அங்கே ஃபொன்டானா பதிப்பின் குறிகளை ஷோபானுடையவை என்று அட்டவணையில் எழுதினால் எல்லாமே கோணிவிடும்.

ஷூமனுக்கு உங்கள் முறை அப்படியே பொருந்தாது. ஷோபானில் ஒரே காலத்தில் மூன்று நாட்டில் மூன்று அச்சு. ஷூமனில் சிக்கல், அவரே பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு பதிப்பு போட்டது. டாவிட்ஸ்பியூண்ட்லர்டான்ட்ஸே ஓபஸ் 6இன் முதல் பதிப்பில் ஆசிரியர்கள் ஷூமன் கற்பனையில் படைத்த ஃப்ளோரெஸ்டானும் யூசெபியஸும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் எஃப் அல்லது ஈ என்று கையொப்பம், சிலதில் இரண்டும். எண் 9க்கு மேலே, ஃப்ளோரெஸ்டான் இத்தோடு நிறுத்தினான், அவன் உதடுகள் வேதனையில் துடித்தன என்று ஒரு வரி. எண் 18க்கு மேலே, யூசெபியஸ் இதையும் சொல்லி வைத்தான், அப்போது அவன் கண்களில் பேரானந்தம் என்று இன்னொரு வரி. 1850 வாக்கில் ஷூபெர்த் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் கையொப்பங்கள் போயின, இந்த வரிகள் போயின, மீட்டு வாசிக்கும் குறிகள் கூடின. என் பார்வையில் எண் 9க்கு மேலே இருந்த அந்த வரியைவிடப் பெரிய வெளிப்பாட்டுக் குறி அந்தத் தொகுப்பில் கிடையாது. ஷூமனின் மனைவி கிளாரா ஷூமனின் பதிப்பைப் பார்த்து மட்டும் வாசிப்பவர்கள் இரண்டையும் கலந்த பாடத்தைத்தான் வாசிக்கிறார்கள். இங்கே 'எது சரி' என்ற பத்தியே வேண்டாம். இரண்டு பதிப்புக்கு இரண்டு தனி அட்டவணை போடுங்கள். ஒன்றைத் தேர்ந்தால் முழுதும் அதையே வாசியுங்கள்.

மெட்ரோனோம் எண்ணும் இப்படித்தான். கின்டர்ஸ்ட்சேனன் முதல் பதிப்பில் (1839) ட்ராய்மெரைக்குக் கால் பங்கு ஸ்வரத்துக்கு 100. கிளாரா 1880களில் பயிற்சிக்காகப் போட்ட பதிப்பில் 80. இன்று பலர் வாசிப்பது 80க்கும் கீழே. 80ஐ ஷூமனின் எண் என்று போட்டிருக்கும் பதிப்பு கையில் இருந்தால் அதிலுள்ள மற்ற குறிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஈயத்தகடு:

ஷூமன் பேச்சு வந்ததால் ஹேர்பின் பற்றி ஒரு சேர்க்கை. அட்டவணையில் 'க்ரெஷெண்டோ', 'டிமினுயெண்டோ' என்று எழுதாமல் 'விரியும்', 'ஒடுங்கும்' என்று வடிவத்தை மட்டும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் இந்தக் குறி ஒலி அளவை மட்டும் சொல்லவில்லை. கிளாரா ஷூமனிடம் படித்த ஃபேனி டேவிஸ், பிராம்ஸ் வாசித்ததை நேரில் கேட்டவர். விரிந்து ஒடுங்கும் இரட்டைக் குறி பிராம்ஸுக்கு ஒலிக்கு மட்டுமல்ல, தாள ஓட்டத்துக்கும் உரியது, அந்த இடத்தில் அவர் ஒரு ஸ்வரத்தில் அல்ல, முழுக் கருத்திலும் சற்றுத் தங்குவார் என்று எழுதியிருக்கிறார்.

இதைச் சோதிக்க முரண்பாடுகளைத் தேடுங்கள். 'டிமினுயெண்டோ' என்று எழுத்தில் இருக்கும் பாரிலேயே விரியும் ஹேர்பின், ஏற்கெனவே ஃபோர்ட்டிஸ்ஸிமோ (மிக உரத்து) இருக்கும் இடத்தில் இன்னொரு விரியும் ஹேர்பின், அடித்த பிறகு பியானோவில் கூட்டவே முடியாத ஒற்றை ஸ்வரத்தின் கீழ் விரியும் ஹேர்பின். வடிவத்தை மட்டும் ஒலி அளவாகப் படித்தால் இவை பிழை போலத் தெரியும், பிந்தைய பதிப்பாசிரியர்கள் அப்படித்தான் படித்து நீக்கினார்கள். கையெழுத்திலும் முதல் அச்சிலும் ஒன்றுபோல் இருந்து 1870களின் பதிப்பில் காணாமல் போகும் ஹேர்பின்களைத் தனி நிறத்தில் குறியுங்கள்.

இடதுகை:

எண் 20இல் ஒரு கேள்வி மட்டும். 9ஆம் பாரில் வரும் பியானிஸ்ஸிமோ (மிக மென்மையாக) எல்லா மூலத்திலும் ஒன்றுபோல் இருக்கிறது. அப்படியானால் அதில் சந்தேகமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பழம்பதிப்பு:

குறியில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நான்கு பாரே பிறகு சேர்ந்தவை. முதலில் துண்டு 9 பாரோடு முடிந்தது. ஃபோர்ட்டிஸ்ஸிமோ, பியானோ (மென்மையாக), முடிவு. மீட்டு வாசிப்பதைச் சேர்த்தபோது, இது ஒருவருக்காகச் செய்த சிறு விட்டுக்கொடுப்பு, அவர் சொல்வது பல சமயம் சரிதான் என்று பதிப்பாளருக்குக் கையெழுத்துப் பிரதியிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார். எனவே 5ஆம் பாரின் பியானோ ஒரு காலத்தில் கடைசி மென்மையாக இருந்தது, பியானிஸ்ஸிமோ வந்ததும் நடுப்படியாகிவிட்டது. விளக்கப் பத்தியில் இதை எழுதி வையுங்கள், 5ஆம் பாரை எவ்வளவு மென்மையாக எடுப்பது என்பதை இது நேரடியாகப் பாதிக்கும்.

தொடங்குவதற்கு 16 பார் மட்டுமே உள்ள எண் 7ஐ எடுங்கள், அதில் பெடல் குறிகளை மட்டும் பதியுங்கள். அடுத்து இந்த எண் 20இன் 13 பார். அதன்பிறகு எண் 4, அதன் 25 பாரில் இடதுகை அடர்த்தியாக நகர்வதால் நடு இடைவெளி நெருக்கம் எல்லாம் அங்கே வந்துவிடும்.